வெப்சைட் வேலை தொடங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

வெப்சைட் செய்பவரிடம் போனதும் "எத்தனை பக்கம், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் வேலை அங்கேயே தடம் மாறிவிடும். ஹோம், அபவுட் அஸ், சர்வீசஸ், கேலரி, கான்டாக்ட் என்று ஐந்து பக்கம் வந்துவிடும். மார்த்தாண்டம் தேன் வியாபாரிக்கும் அந்த ஐந்துதான், கன்னியாகுமரி லாட்ஜுக்கும் அந்த ஐந்துதான். பார்க்க அழகாக இருக்கும், போன் அடிக்காது.

முதலில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: யார் வர வேண்டும், வந்து என்ன செய்ய வேண்டும், மாதம் எத்தனை பேர். "ஆன்லைன்ல நம்ம பேரு தெரியணும்" என்பதை எண்ணிப் பார்க்க வழியில்லை. "சென்னை, பெங்களூர்க் குடும்பங்கள் வாட்ஸ்அப் வழியாக மாதம் 40 கிலோ தேன் வாங்க வேண்டும்" என்றால் எண்ணலாம். இப்போது மாதம் எவ்வளவு விற்கிறது, கையில் சரக்கு எவ்வளவு, பாட்டிலில் அடைக்க எத்தனை ஆள் என்று பார்த்து அந்த எண்ணை வையுங்கள்.

எல்லாருமே நம் வாடிக்கையாளர் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வீட்டுக்கு அரைக் கிலோ தேன் வாங்குகிறவருக்கு ஒரே பயம், கலப்படம். ரப்பர் தோட்டத்தில் தேனீக்கள் சேர்க்கும் ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டி தட்டியதைப் பார்த்ததும் சர்க்கரைப்பாகு என்று முடிவு கட்டிவிடுவார். தேனிலுள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாவதால்தான் உறைகிறது என்பதையும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்பதையும் உறைந்த பாட்டிலின் படத்தோடு விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், கூரியரில் பாட்டில் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் அங்கேயே இருக்கட்டும். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு உண்டுதான். ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமையை உங்கள் பெயரில் பதிவு செய்த பிறகே முத்திரையைப் போட வேண்டும்.

மொத்தமாக வாங்கும் மருந்துக் கம்பெனிக்காரர் கேட்பது வேறு: ஈரப்பதம் எத்தனை சதவீதம், லேப் ரிப்போர்ட் இருக்கிறதா, கேன் விலை என்ன, ஜிஎஸ்டி பில் தருவீர்களா. இருவருக்கும் ஒரே பக்கம் என்றால் சில்லறைக்காரர் மொத்த விலைக்குப் பேரம் பேசுவார், மொத்தக்காரர் சின்னக் கடை என்று நினைத்துப் போய்விடுவார். தனித்தனிப் பக்கம் வையுங்கள். ஒன்றுதான் முடியுமென்றால், இன்று உங்களுக்கு அதிகப் பணம் தருகிறவருக்கு வையுங்கள்.

வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்று நாமே கற்பனை செய்ய வேண்டியதில்லை. போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, இரண்டு வாரம் வருகிற கேள்விகளைக் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். லாட்ஜ் என்றால் "பஸ் நிறுத்த இடம் இருக்கா?", "டிரைவர் எங்க படுப்பார்?", "காலையில நாலு மணிக்கு ரயில் வருது, உடனே ரூம் கிடைக்குமா?", "சூரிய உதயம் ரூம்ல இருந்தே தெரியுமா?" என்று வரும். அதிகம் வந்த ஐந்துக்குப் பதில்தான் முதல் பக்கம். நிறுவனர் வாழ்த்துரை கீழே போகட்டும்.

யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்தே மொழியையும் முடிவு செய்யுங்கள். கார்த்திகை முதல் மகர விளக்கு வரை ஆந்திரா, கர்நாடக ஐயப்ப பக்தர்கள் வருகிறார்கள் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு பக்கமாவது வேண்டும். தமிழ்ப் பக்கத்தை எல்லாப் போனிலும் கணினியிலும் படிக்கிற பொது எழுத்து முறையான யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தாலும், எழுத்தைப் படமாக ஒட்டினாலும் கூகுள் தேடலில் சரியாக வராது.

"கடல் தெரியும் அறை" என்று எழுதிவிட்டு எங்கிருந்தோ எடுத்த கடற்கரைப் படத்தைப் போடாதீர்கள். அந்த அறையின் ஜன்னல் வழியே தெரிவதையே போடுங்கள். நடுவில் இன்னொரு கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் அதுவும் தெரியட்டும். வந்து ஏமாந்தவர் எழுதும் ஒரு விமர்சனம் பல வருஷம் நிற்கும். போனில் எடுத்த படத்தை 4, 5 எம்பியில் அப்படியே ஏற்றாமல் 200 கேபிக்குள் சுருக்குங்கள். முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திறந்தால்தான் கூகுள் கணக்கில் நல்ல வேகம்.

எட்டுக் கட்டம் உள்ள படிவத்தை ரயிலில் இருப்பவர் நிரப்ப மாட்டார். "தேதி, எத்தனை பேர், எத்தனை அறை" என்று மெசேஜ் தயாராக வரும் வாட்ஸ்அப் பட்டன் போதும். அதன் இணைப்பில் எண் 91 என்று தொடங்க வேண்டும். பிளஸ் குறியோ முன்னால் பூஜ்ஜியமோ சேர்க்கக் கூடாது.

அந்தப் பட்டனை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதை முதல் நாளிலிருந்தே அனலிட்டிக்ஸில் (வெப்சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணும் கருவி) தனியாக எண்ண ஏற்பாடு செய்யுங்கள். 500 பேர் வந்து 3 பேர் தொட்டால் பக்கத்தில் கோளாறு. 20 பேர் வந்து 3 பேர் தொட்டால் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆள் வரவுதான் போதவில்லை. இது தெரியாமல் பலர் நல்ல பக்கத்தைக் கலைத்துப் புது டிசைனுக்குச் செலவழிக்கிறார்கள்.

டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். கூகுளில் புதுப் பக்கம் மேலே வர வாரங்கள், சில சமயம் மாதங்களே ஆகும். ஆகவே கார்த்திகை சீசனுக்கு வேண்டிய லாட்ஜ் வெப்சைட் ஆவணியிலேயே ஏறியிருக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கினால் அந்த வருஷக் கூட்டம் வேறு லாட்ஜுக்குத்தான் போகும்.