ஈரத்தலையும் இறுக்கின கொண்டையும்: ஹிஜாப் அணிபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முடி கொட்டுகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எந்நேரமும் மூடியே வைத்திருந்தால் கொட்டாதா? கொஞ்சம் காற்றுப் படட்டும்" என்பதுதான் முதலில் வரும் பதில். முடிக்குக் காற்று தேவையே இல்லை. வெளியே தெரிவது கெராட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற இழை. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேர்க்காலில் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் ரத்தம் வழியாகப் போய்ச் சேர்கின்றன; மேலே துணி இருப்பதால் அது நின்றுவிடாது. ஆனால் அந்தத் துணிக்குள் நாம் செய்து வைக்கிற சில வேலைகள் முடியை நிஜமாகவே கெடுக்கும்.

முதலில் ஈரத்தலை. அவசரமாகத் தலைக்குக் குளித்து, பேருக்குத் துவட்டி, சொட்டுகிற முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதற்கு மேல் உள்தொப்பி, அப்புறம் ஹிஜாப். மாலையில் அவிழ்த்தால் கொண்டையின் நடுப்பகுதி அப்போதும் ஜில்லென்று இருக்கும், லேசான மக்கல் வாடையும் அடிக்கும். நனைந்த முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும். உள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போவதால், இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துவிடும். அந்த நேரத்தில் சீப்பு, ரப்பர் பேண்ட் எதுவானாலும் சேதம்தான். தோலுக்கும் கேடு. எல்லார் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை குடியிருக்கிறது. சூடும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். பொடுகும் அரிப்பும் பின்னாலேயே வரும்.

தலைக்குக் குளிப்பதை முன்மாலைக்கு மாற்ற முடிந்தால் நல்லது, படுப்பதற்குள் காய்ந்துவிடும். காலையில்தான் முடியும் என்றால் ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து, அரையடி தள்ளிப் பிடித்து, முதலில் வேர்ப்பகுதியை உலர்த்துங்கள். நுனியில் கொஞ்சம் ஈரம் மிஞ்சினால் பரவாயில்லை, அன்றைக்குக் கொண்டையை விட்டுவிட்டுத் தளர்வாகப் பின்னிக்கொள்ளலாம். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது (கை, முகம் கழுவித் தலையைத் தடவும்போது) தலையில் படுகிற ஈரமும் கெடுக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. அது ஒரு பொருட்டே இல்லை, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

ஈரத்தால் வருகிற பொடுகைச் சரிசெய்துவிடலாம். இறுக்கத்தால் போகிற முடிதான் எனக்குப் பெரிய கவலை. கொண்டை உயரமாக இருந்தால் ஹிஜாப் எடுப்பாக நிற்கும் என்று நெற்றியோர முடியை வலிக்க வலிக்க இழுத்துக் கட்டுகிறார்கள். அது போதாதென்று கனமான கிளிப் வேறு. நாள்தோறும் ஒரே இடத்தில் இழுபடும் வேர்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகும். மருத்துவத்தில் இதற்கு ட்ராக்‌ஷன் அலோபீசியா என்று பெயர். நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி மெலியும். வேர்க்காலைச் சுற்றிச் சிறுசிறு சிவந்த பருக்கள் வரும். முன்முடி உள்ளே ஏறிவிட்ட பிறகும் பழைய விளிம்பில் ஒரு வரிசை பூனைமுடி மிஞ்சி நிற்கும். இதை வைத்தே தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே கட்டைத் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் வேர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும், அப்புறம் எந்த எண்ணெயாலும் அதைத் திறக்க முடியாது.

கட்டி முடித்ததும் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். நெற்றியோரம் சுள்ளென்று இழுத்தால் அவிழ்த்துக் கட்டுங்கள். கொண்டையைப் பிடரிப் பக்கம் இறக்குங்கள். ஒருநாள் கொண்டை, ஒருநாள் பின்னல் என்று மாற்றுங்கள். உள்தொப்பியின் எலாஸ்டிக் நெற்றியில் கோடு பதிக்கிறதென்றால் அந்த அளவு உங்களுக்குச் சிறியது. ஹிஜாபைக் கழற்றியதும் தீருகிற தலைவலிக்கும் பலசமயம் இந்த அழுத்தம்தான் காரணம்.

துணி விஷயத்தில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் முடியை உரசும். பட்டும் சாட்டினும் உரசாது. ஆனால் சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் உள்ளே புழுங்கும். வழுக்குகிறதே என்று ஐந்தாறு பின் குத்தி இன்னும் இறுக்கினால், சாட்டின் வாங்கியதற்கே அர்த்தமில்லை. எந்தத் துணியானாலும் உள்தொப்பியைத் தினமும் மாற்றுங்கள். வாடையை மறைக்க அதன்மேல் வாசனைத் திரவியம் அடிப்பது அரிப்பில்தான் போய் முடியும்.

மூடியிருக்கிற தலையில் தூசி படாதே, அடிக்கடி அலச வேண்டாம் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. தலை அழுக்காவது வெளித்தூசியால் மட்டுமா? வியர்வையும் எண்ணெயும் உள்ளிருந்தே வருகின்றன. ஷாம்பு மண்டைத் தோலுக்கு, கண்டிஷனர் நுனிப்பக்கத்துக்கு. எண்ணெய் தேய்ப்பவர்கள் குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு தேய்த்தால் போதும். பொடுகு இருக்கும்போது எண்ணெயோடு நாள்முழுக்க மூடி வைப்பது பூஞ்சைக்குத் தீனி போடுகிற வேலை.

அவிழ்த்ததும் கையோடு கொத்தாக முடி வருகிறதே என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். யாருக்குமே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். விரித்த முடியில் அது ஆங்காங்கே விழுந்துவிடும், கட்டிய முடியில் உள்ளேயே சிக்கிக்கொண்டு மொத்தமாக வெளியே வரும். அதையும் மீறி வகிடு அகலமானாலோ வட்டவட்டமாக உதிர்ந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்கோ கடுங்காய்ச்சலுக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது பெரும்பாலும் தானாக நிற்கும். முடி கொட்டக் காரணமாகிற இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். உடலில் வெயில் குறைவாகப் படுகிறவர்கள் வைட்டமின் டி அளவையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம். பரிசோதிக்காமல் அந்த மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.