ஜானி ஓ'கீஃபின் பாடல்களை எந்த வரிசையில் கேட்பது?

ஆஸ்திரேலியாவின் முதல் தலைமுறை ராக் அண்ட் ரோல் இசையை அறிய விரும்புவோர், 1935-இல் சிட்னியில் பிறந்த ஜானி ஓ'கீஃபிடமிருந்து தொடங்குவதே முறை. தொடக்கக் காலத்தில் அவர் அமெரிக்கப் பாடகர் ஜானி ரேயைப் பின்பற்றிப் பாடியவர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, முதலில் 1958-இல் வெளிவந்த 'வைல்ட் ஒன்' பாடலைக் கேளுங்கள். முதல் முறை குரலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை, அவருடைய டீ ஜேஸ் குழுவினர் அக்குரலின் வேகத்துக்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு, அவ்வாண்டு அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹோலியுடன் ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்த கிரிக்கெட்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜெர்ரி ஆலிசன், அதே பாடலை ஐவன் என்ற பெயரில் பதிவுசெய்த வடிவத்தையும், அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப் 1986-இல் பாடிய வடிவத்தையும் ஒரே அமர்வில் ஒப்பிடுங்கள். ஓ'கீஃபின் குரலில் உள்ள முரட்டுத் துடிப்பு அப்போதுதான் முழுமையாகப் புலப்படும். என்னைப் பொறுத்தவரை மூன்றில் அவருடையதே உயிர்மிக்கது.

அவர் அடிப்படையில் மேடைக் கலைஞர். ஆகவே இசைத்தட்டுகளோடு நின்றுவிடாமல், 1959-இல் ஆஸ்திரேலியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியின் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சிக்ஸ் ஓ'க்ளாக் ராக்' நிகழ்ச்சியின் எஞ்சிய காட்சிகளைத் தேடிப் பார்ப்பது மிக அவசியம். உடலசைவைக் கண்ட பின் 'ஷவுட்' பாடலைக் கேட்டால், அந்தக் கூச்சல் எவ்வளவு கட்டுப்பாட்டோடு எழுகிறது என்பது விளங்கும்.

1960-இல் நேர்ந்த கடும் கார் விபத்துக்குப் பிந்தைய பதிவுகளைத் தனியே வையுங்கள். அவற்றுள் 1961-இன் 'ஐ'ம் கவுண்டிங் ஆன் யூ' பாடலை, அவசரமின்றி, கடைசியாகக் கேளுங்கள்.