இச்சிபன் குஜி ஃபிகர் சேகரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் லாசன், ஃபேமிலி மார்ட் போன்ற கடைகளில் அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) கதாபாத்திரங்களின் ஃபிகர்களை, அதாவது சிறு பொம்மைச் சிலைகளை, கண்ணில் படும்படி அடுக்கிவைத்து, கல்லாவில் பரிசுச் சீட்டு விற்பார்கள். அதுதான் இச்சிபன் குஜி. நடத்துவது பண்டாய் ஸ்பிரிட்ஸ் நிறுவனம். ஒரு சீட்டு 700, 800 யென் அளவில் இருக்கும். வெறும் சீட்டு என்று எதுவும் கிடையாது. பிரித்துப் பார்த்தால் ஏ, பி, சி என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். அதற்குரிய பரிசு கையோடு கிடைக்கும். முதல் சில எழுத்துகளுக்கு ஃபிகர். கீழே போகப் போக துண்டு, டம்ளர், ரப்பர் சாவிக்கொத்து, கிளியர் ஃபைல் (தாள் வைக்கும் பிளாஸ்டிக் உறை).

எல்லாச் சீட்டுக்கும் பரிசு உண்டு என்பதால், நாம் விரும்பும் ஃபிகரும் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஒரு பெட்டியில் 80 சீட்டு, அதில் ஏ பரிசு 2 என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சீட்டு எடுத்தாலும் ஒரு ஏ பரிசாவது கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 24தான். சீட்டு 700 யென் என்றால் அதற்கே 7,000 யென் போய்விடும். அந்தப் பணத்துக்குள் அதே ஃபிகர் பழைய பொருள் கடையில் பிரிக்காத பெட்டியோடு கிடைப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், குறிப்பிட்ட ஒரு கதாபாத்திரம்தான் வேண்டும் என்பவர் சீட்டே எடுக்க வேண்டாம். மண்டராகே, சுருகயா போன்ற பழைய பொருள் கடைகளில் நேராக வாங்கிக்கொள்ளலாம். எது வந்தாலும் மகிழ்ச்சி என்பவருக்குத்தான் சீட்டு.

சீட்டு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், மீதிப் பரிசுப் பட்டியலைப் பார்க்காமல் காசை நீட்டக்கூடாது. பல கடைகளில் எந்த எழுத்தில் எத்தனை மீதி என்று ஒரு தாளில் குறித்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஊழியரிடம் கேட்கலாம், சொல்வார்கள். இது அரசு லாட்டரி மாதிரி முடிவில்லாத குவியல் இல்லை, எண்ணி வைத்த ஒரு பெட்டி. 60 சீட்டு மீதியிருந்து ஏ பரிசு இரண்டும் போய்விட்டால், எத்தனை எடுத்தாலும் ஏ வரப்போவதில்லை. 20 சீட்டுதான் மீதி, இரண்டு ஏ பரிசும் அப்படியே இருக்கின்றன என்றால் ஒவ்வொரு சீட்டுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு. ஒரே தெருவில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டின் பட்டியலையும் பார்த்துவிட்டு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் கடைசிச் சீட்டு. பெட்டியின் கடைசிச் சீட்டை வாங்குபவருக்கு அந்தச் சீட்டுக்கான பரிசோடு 'லாஸ்ட் ஒன்' என்ற தனிப் பரிசும் கிடைக்கும். பெரும்பாலும் அது ஏ பரிசு ஃபிகரின் வேறு நிறப் பதிப்பாகவோ, தனியாகச் செய்த ஃபிகராகவோ இருக்கும். சீட்டு 700 யென், ஆறு சீட்டு மீதி என்றால் 4,200 யென்னில் அது நிச்சயம். இதில் பலர் தடுமாறுவது, மூன்று எடுத்துவிட்டு 'கொஞ்சம் யோசிக்கலாம்' என்று வெளியே வருவதில்தான். அடுத்து வருபவர் மீதி மூன்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். எடுப்பதென்றால் மொத்தமாக எடுக்க வேண்டும். ஒருவருக்கு இத்தனைதான் என்று சில கடைகள் வரம்பு வைத்திருக்கும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரித்த சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். 'டபுள் சான்ஸ்' என்ற இரண்டாவது குலுக்கல் உள்ள தொகுப்புகளில், அதற்கான எண் அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. விளையாட்டு மையங்களில் கிரேன் இயந்திரத்தில் கிடைக்கும் ஃபிகரையும் குஜி ஃபிகரையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். கிரேன் ஃபிகர்களில் இருக்கும் பன்ப்ரெஸ்டோ என்ற பிராண்ட் பெயரைப் பழைய குஜி பெட்டிகளிலும் பார்க்கலாம் என்பதால் குழப்பம் இயல்புதான். ஆனால் குஜி ஃபிகரின் பெட்டியில் இச்சிபன் குஜி முத்திரையும் பரிசின் எழுத்தும் இருக்கும். பெட்டியின் படத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் 'ஏ பரிசு' என்று நம்பி வாங்க வேண்டாம். டிராகன் பால், ஒன் பீஸ் ஃபிகர்களுக்குப் போலிகள் நிறைய. தோல் பளபளவென்று எண்ணெய் தேய்த்ததுபோல் இருப்பது, கண் அச்சு கோணலாக இருப்பது, இவையெல்லாம் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்.

அனுப்பும் செலவையும் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஃபிகர் பெட்டி பெரிது, எடை குறைவு. தனியார் கூரியர்கள் பெட்டியின் அளவை வைத்தும் கட்டணம் போடுவார்கள். ஜப்பான் தபால்துறையின் இஎம்எஸ் சேவையில் உண்மையான எடைதான் கணக்கு. நம் ஊருக்கு வந்தால் சுங்க வரியும் சேரும்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. பெட்டியையே பிரிக்காமல் பல ஆண்டுகள் வைத்திருந்தால் ஃபிகர் புதிதாகவே இருக்கும் என்பது உண்மை இல்லை. ஃபிகரின் பிவிசி பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் மென்மையாக்கும் பொருள் மெல்ல மேலே கசியும்; காற்றில்லாத பிளாஸ்டிக் உறைக்குள் அது தேங்கி மேற்பரப்பு பிசுபிசுக்கும். எடுத்துக் காற்றாட வையுங்கள், ஆனால் ஜன்னல் வெயிலில் வேண்டாம், நிறம் மங்கி வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். பெட்டியையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது உடையாமல் காப்பது அதுதான், விற்க நேர்ந்தால் விலையும் நிற்கும். ஃபிகரின் கத்தியோ கையோ வெப்பத்தில் வளைந்திருந்தால், அந்தப் பகுதியை வெந்நீரில் சற்று முக்கி, நேராக்கி, குளிர்ந்த நீரில் பிடித்தால் சரியாகிவிடும். பிசுபிசுப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். தின்னர் பக்கமே போகாதீர்கள், பெயின்ட் கையோடு வந்துவிடும்.