பசெஞ்சி வளர்ப்பவர்கள் சத்தத்தில் கோட்டை விடும் இடங்கள்

பசெஞ்சிக் குட்டியை வாங்கியவர்களின் முதல் சில நாட்கள் பெருமையில் கழியும். சுருண்ட வால், நெற்றிச் சுருக்கம், பூனையைப் போல உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகக் 'குரைக்காத நாய்' என்ற பட்டம். பிறகு ஒரு நாள் தொலைபேசி வரும். "இது என்ன சத்தம்? நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்பார்கள். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பின்னணியில் அந்தச் சத்தமே எனக்குப் பதில் சொல்லிவிடும்.

நாயை அடிக்காதீர்கள், அது கத்தினால் நீங்களும் கத்தாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. பசெஞ்சி வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நான் இடறிய அதே இடங்களில் இன்றும் புதியவர்கள் வரிசையாக வந்து இடறுகிறார்கள். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

குரைக்காது என்றால் சத்தமே வராது என்று நம்புவது

காங்கோ ஆற்றுப் படுகைக் காடுகளில் வேட்டைக்காரர்களோடு வாழ்ந்த நாய் இது. விலங்கை வலைப்பக்கம் விரட்டும்போது குரல் கொடுக்காமல் ஓடும். புதருக்குள் நாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அதன் கழுத்தில் மர மணி கட்டிவிடுவார்கள். 1895-இல் ஒரு ஜோடி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, டிஸ்டெம்பர் நோய் கண்டு இறந்தது. 1937-இல் ஒலிவியா பர்ன் என்ற பெண்மணி கொண்டுவந்த நாய்கள் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் நின்றபோது கூட்டம் திரண்டு வந்து பார்த்தது. குரைக்காத நாய் என்ற வியப்பு அன்றைக்கே விலைபோயிற்று. விற்பவர்கள் இன்றுவரை அதை விடவில்லை.

உண்மையில் பசெஞ்சிக்குக் குரைக்கத் தெரியும். அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பசெஞ்சியையும் காக்கர் ஸ்பேனியலையும் இனக்கலப்புச் செய்து, குட்டிகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1965-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, பசெஞ்சியைக் குரைக்க வைக்க மற்ற நாய்களைவிடப் பலமான தூண்டுதல் வேண்டும். குரைத்தாலும் சொற்பத்தோடு நிறுத்திக்கொள்ளும். வீட்டில் பார்ப்பதும் அதுதான். கதவருகே புதிய ஆள் நின்றால் ஒற்றை 'வுஃப்'. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்பது போல உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

ஆனால் குரைப்பு குறைவு என்பதால் மற்ற ஒலிகளும் குறைவு என்று பொருளில்லை. சிணுங்கும், முனகும், உறுமும், ஊளையிடும். மகிழ்ச்சியில் தொண்டையை ஏற்றி இறக்கி யோடல் பாடும். பதறினால் அலறும். அந்த அலறலை முதன்முதலாகக் கேட்பவர் அது நாயின் குரல் என்று நம்ப மாட்டார். யாரோ ஒரு மனிதர் ஆபத்தில் இருக்கிறார் என்றே ஓடி வருவார். அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற அமைதியான நாய் என்று சொல்லி இதை விற்பவர்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

யோடல் பாடும்போதெல்லாம் தின்பண்டம் கொடுப்பது

யோடல் அழகானது, மறுக்கவில்லை. நீங்கள் வீடு திரும்பியதும் காதுகள் பின்னால் படியும், கழுத்து நீளும், முன்கால்களை நீட்டி உடம்பை முறிக்கும், வாய் பாதி திறந்தபடியே அந்தச் சத்தம் அலையலையாக வரும். விருந்தினர் சிரிப்பார்கள், கைபேசியை எடுப்பார்கள், யாராவது ஒரு பிஸ்கட்டை நீட்டுவார்கள். பசெஞ்சி கணக்குப் போடுவதில் கெட்டிக்காரன். சத்தத்துக்குப் பிஸ்கட் என்று புரிந்துகொண்டால், விடிவதற்கு முன்பே உங்கள் கட்டிலருகே வந்து கச்சேரியைத் தொடங்கிவிடும். பாடச் சொல்லிப் பழக்க விரும்பினால், நீங்கள் சைகை காட்டி அது பாடினால் மட்டும் பரிசு கொடுங்கள். தானாகப் பாடினால் ரசியுங்கள், கையை மட்டும் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

அலறும் நாயைக் கூண்டில் பூட்டி, 'கத்திக் கத்தி அடங்கட்டும்' என்று விடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்து வருபவர் இதையே செய்துவிட்டு வருகிறார். ஏனென்றால் அவருக்கு நாய் வளர்த்து அனுபவம் உள்ள யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், இப்படிச் சொல்லியிருப்பார்: "முதல் வாரம் கத்தும். கண்டுகொள்ளாதே. தானாகப் பழகிவிடும்."

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இந்த அறிவுரையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார்கள். காலையில் குட்டியைக் கம்பிக் கூண்டில் விட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்புவார்கள். யாரோ குழந்தையைத் துன்புறுத்துகிறார்கள் என்று நினைத்து பக்கத்து வீட்டார் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த காவலர்கள் நாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தம்பதி விடவில்லை. சில வாரங்களில் சத்தம் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று எனக்குச் செய்தி அனுப்பினார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். கூண்டின் கதவுக் கம்பி இரண்டு உள்ளிருந்து வெளியே வளைந்திருந்தன. கீழே விரித்திருந்த துணி எச்சிலில் ஊறிக் கனத்துக் கிடந்தது. குட்டியின் முன்கால் நகங்கள் தேய்ந்து, ஒன்றில் இரத்தம் காய்ந்திருந்தது. கோரைப்பல் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. மறுநாள் அறையில் கேமரா வைக்கச் சொன்னேன். அவர்கள் கிளம்பிப் போன நேரம் முழுக்க நாய் படுக்கவே இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. சத்தம் நின்றிருந்தது, பதற்றம் நிற்கவில்லை. குரைக்காத இனத்தில் இந்த மௌனம் இன்னும் எளிதாக ஏமாற்றும். அமைதி என்று நினைத்து நாம் தலையாட்டிக்கொண்டிருப்போம்.

இதில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று கத்துவது ஒன்று. தனிமையில் பீதி கொண்டு கத்துவது இன்னொன்று. முதலாவதில் நாய் இடையிடையே நிறுத்தி, நீங்கள் வருகிறீர்களா என்று காது கொடுத்துக் கேட்கும். கடிக்க ஏதாவது கொடுத்தால் கடிக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் காலப்போக்கில் குறையும், ஆனால் குறைவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்கு ஏறும். அந்த உச்சத்தில் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தால், இவ்வளவு கத்தினால்தான் திறக்கும் என்று நீங்களே பாடம் எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது வகையில் உணவைத் தொடாது, எச்சில் வடிக்கும், தரையையும் கதவையும் பிறாண்டும், இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். பீதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது பழகாது. நீங்கள் கிளம்புவதற்கான அறிகுறிகளைக் கண்டே பீதி தொடங்கும். சாவியை எடுத்தால் நடுங்கும். செருப்பை மாட்டினால் நடுங்கும்.

வழி இல்லாமல் இல்லை. ஆனால் குறுக்கு வழி இல்லை. முதலில் கைபேசியையோ கேமராவையோ ஓடவிட்டு, நீங்கள் போனபின் நடப்பதைப் பாருங்கள். பிரிவுப் பதற்றம் உள்ள நாய் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே காட்டிவிடும். அது எத்தனை நொடி தாங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கும் குறைவான நேரம் மட்டும் வெளியே போய், அது பதறுவதற்குள் திரும்பி வாருங்கள். பத்து நொடி என்றால் பத்து நொடி. கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம், நடுவில் பின்வாங்கவும் நேரும். இந்தப் பயிற்சி நடக்கும் காலத்தில் நாயை உண்மையிலேயே மணிக்கணக்கில் தனியாக விட்டால் செய்த வேலை அத்தனையும் பாழ். ஆகவே அந்த நாட்களில் யாராவது உடன் இருக்க ஏற்பாடு வேண்டும். கிளம்பும் எண்ணமே இல்லாமல் சாவியை எடுத்து மேசையில் வையுங்கள், செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். அந்த அறிகுறிகளின் நஞ்சு இறங்கும். கூண்டு பிடிக்காத நாய்க்கு ஓர் அறை முழுவதையும் கொடுங்கள். பசெஞ்சிகளில் பல அடைபடுவதைத்தான் வெறுக்கின்றன, அறையை அல்ல. நிலைமை முற்றியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஃப்ளூஆக்ஸெடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தம்பதி மேற்சொன்னதையெல்லாம் செய்தார்கள். நாய் தேறியது. பல் தேறவில்லை.

குரைப்பைத் தடுக்கும் கழுத்துப் பட்டை மாட்டுவது

வேண்டவே வேண்டாம்.

முணுமுணுப்பை உறுமல் என்று எடுத்துக்கொள்வது

சோபாவில் நன்றாகப் படுத்திருக்கும் பசெஞ்சியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். தொண்டைக்குள் நீளமாக ஏதோ புலம்பும். கண் பாதி மூடியிருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும், புலம்பிக்கொண்டே நகர்ந்து மறுபடி சுருண்டுவிடும். இது வெறும் அலுப்பு. உறுமல் என்றால் உடம்பு விறைக்கும், மூச்சு ஒரு கணம் நிற்கும், கண் உங்கள் கைமேல் நிலைக்கும். காதை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கண்ணை நம்புங்கள்.

உண்மையான உறுமலைத் திட்டி நிறுத்துவது

கையை எடுங்கள். உறுமக் கூடாது என்று கற்ற நாய் அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

துணைக்கு இன்னொரு பசெஞ்சி வாங்குவது

தனிமைப் பதற்றம் மனிதரைப் பிரிந்ததால் வருவது. அருகில் இன்னொரு நாய் இருப்பதால் அது பெரும்பாலும் தீராது. இப்போது இரண்டு அலறல்.

குரலில் வந்த மாற்றத்தைக் குணம் என்று ஒதுக்குவது

எப்போதும் தூக்க விடும் நாய் தூக்கும்போது திடீரென்று அலறினால், அது நடிப்பு என்று சிரிக்காதீர்கள்; வலி எங்கே என்று பார்க்க வேண்டும். பெண் பசெஞ்சி பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வரும். அந்த வாரங்களில் வீட்டிலுள்ள ஆண் நாய் ஊளையிட்டால் அதற்கு விளக்கம் தேவையில்லை.

அலட்சியப்படுத்தக் கூடாதது இரவுச் சிணுங்கல். இத்தனை வருடம் விடியும்வரை தூங்கிய நாய் நடுஇரவில் கதவருகே நின்று சிணுங்கத் தொடங்கினால், பிடிவாதம் என்று அதட்டுவதற்கு முன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா? இந்த இனத்தில் ஃபான்கோனி என்ற பரம்பரைச் சிறுநீரக நோய் உண்டு. பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டும். சிறுநீரகம் சர்க்கரையையும் பிற சத்துகளையும் தக்கவைக்காமல் வெளியே விட்டுவிடும். சிறுநீரில் சர்க்கரை இருக்கும், இரத்தத்தில் சர்க்கரை இயல்பாக இருக்கும். சிறுநீரை மட்டும் பார்த்து நீரிழிவு என்று முடிவுகட்டி இன்சுலின் போட்டால் ஆபத்து. நேரடி மரபணுச் சோதனை 2011 முதல் இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே குட்டியின் பெற்றோருக்குச் செய்த சோதனை முடிவைக் கேட்டு வாங்கலாம். சோதிக்கப்படாத நாய் என்றால் மூன்று வயதிலிருந்து மாதம் ஒருமுறை சிறுநீர்ச் சோதனைப் பட்டையை அதன் சிறுநீரில் நனைத்து நிறத்தைப் பாருங்கள். பட்டையில் சர்க்கரையைக் காட்டும் கட்டம் நிறம் மாறினால் அன்றே மருத்துவரிடம் போய், இரத்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'இது பசெஞ்சி' என்பதை அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.