லோட்டியா, நேட்டிவ் கோடா? மொபைல் அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலியில் ஓர் அனிமேஷன் திக்கித் திக்கி ஓடினால் பழி உடனே கருவியின் மேல் விழுகிறது. டிசைனர் செய்த அனிமேஷன் கோப்பை அப்படியே ஓட்டும் லோட்டி என்றாலே கனம் என்று ஒரு தரப்பு சொல்லும். நேட்டிவில், அதாவது ஐஓஎஸ், ஆண்ட்ராய்டின் சொந்தக் கருவிகளில், எழுதினால் வாரக்கணக்கில் இழுக்கும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டு பேச்சிலும் விடுபட்டுப் போவது ஒரு கேள்வி: இந்த அசைவை நடத்துவது கடிகாரமா, பயனரின் விரலா? தொடங்கியதும் தன் போக்கில் ஓடி முடிகிற படம் என்றால் லோட்டி போன்ற பிளகின் வழி பொருந்தும். விரலுக்கும் தரவுக்கும் திரையின் நிலைக்கும் அவ்வப்போது பதில் சொல்ல வேண்டிய அசைவு என்றால் நேட்டிவ் கோடுதான். கீழே வரும் தவறுகளில் சில இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை. மற்றவை, சரியான கருவியை எடுத்தும் அது உள்ளே எப்படி வரைகிறது என்று பார்க்காததால் வருபவை.

பிளகின் வழி என்பது இதுதான். டிசைனர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் உருவாக்கியதை பாடிமூவின் என்ற பிளகின் ஜேசன் என்ற எழுத்துவடிவத் தரவுக் கோப்பாக ஏற்றுமதி செய்யும். செயலிக்குள் இருக்கும் லோட்டி லைப்ரரி, ஏர்பிஎன்பி 2017இல் வெளியிட்டது, அந்தக் கோப்பைப் படித்துத் திரையில் வரையும். நேட்டிவ் வழியில் ஐஓஎஸ்ஸில் கோர் அனிமேஷன், ஸ்விஃப்ட்யூஐ. ஆண்ட்ராய்டில் ஜெட்பேக் கம்போஸ், ப்ராப்பர்ட்டி அனிமேட்டர்கள்.

விரல் நடத்தும் அசைவை ஜேசனுக்குள் அடைப்பது

கீழிருந்து மேலே இழுக்கும் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் பாதி வரை இழுத்து, வேகமாகச் சுண்டிவிடுகிறார். விரல் விட்ட கணத்தில் என்ன வேகம் இருந்ததோ அதே வேகத்தில் ஷீட் தொடர வேண்டும். அது போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி பிடித்தால் அங்கேயே நிற்க வேண்டும், திரும்பத் தள்ளினால் திரும்ப வேண்டும். ஜேசன் கோப்பில் இருப்பது முன்கூட்டியே எழுதி முடித்த டைம்லைன். அதை 0 முதல் 1 வரை எந்த இடத்திலும் நிறுத்தலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். ஆனால் விரலின் வேகத்தை அதனிடம் ஒப்படைக்க வழி இல்லை. அதனால்தான் விரலை எடுத்ததும் ஒரு சின்ன உதறல் தெரிகிறது. ஐஓஎஸ் 10இல் வந்த யூஐவியூ ப்ராப்பர்ட்டி அனிமேட்டர் நடுவில் நிறுத்தித் திருப்புவதற்கென்றே உள்ளது. கம்போஸின் அனிமேட்டபிள், நடுவழியில் இலக்கை மாற்றினாலும் இருந்த வேகத்தைச் சுமந்துகொண்டு போகும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இழுத்துப் புதுப்பிக்கும் இடத்தில், விரல் இழுத்த தூரத்தை லோட்டியின் முன்னேற்ற அளவாகக் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். அங்கே படம் தூரத்தை மட்டும் காட்டுகிறது. திரையை நகர்த்தும் வேலை நேட்டிவிடமே இருக்கிறது. இந்தப் பிரிவினை பல இடங்களுக்குப் பொருந்தும்: பெட்டியின் நகர்வு நேட்டிவில், பெட்டிக்குள் இருக்கும் படம் ஜேசனில். ஒரு பாத்திரம் பல நிலைகளுக்கிடையே மாற வேண்டும் என்றால் ரைவ் என்ற அனிமேஷன் கருவி நல்ல தேர்வு, எந்த நிலையிலிருந்து எதற்கு எப்போது மாறுவது என்று சொல்லும் ஸ்டேட் மெஷின் அதன் கோப்பிலேயே இருக்கிறது.

படத்தைக் கோடில் வரைவது

இது நேர் எதிர்த் தவறு. ஏற்கெனவே திரையில் உள்ள ஒன்றை நகர்த்துவது, மங்கவைப்பது, பெரிதாக்குவது எல்லாம் நேட்டிவில் சில வரிகளில் முடியும். ஆனால் டிசைன் கோப்பிலிருந்து வளைவுகளை அமைக்கும் பெசியர் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கோடுக்குள் நகலெடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த வேலையை இரண்டு தளங்களுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டிசைனர் ஒரு வளைவை மாற்றினால் இரண்டிலும் மறுபடி. ஒரே ஓர் இதய ஐகான் துடிப்பதற்காக ஒரு லைப்ரரியைச் சேர்ப்பதும் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் அதனுடனேயே வரும் அனிமேட்டட் வெக்டர் டிராயபிளே போதும், ஆண்ட்ராய்டு 7.1 முதல் அது செயலியின் முக்கிய வேலைகள் நடக்கும் மெயின் திரெட்டை விட்டு, வரைவதற்கென்று உள்ள ரெண்டர் திரெட்டில் ஓடுகிறது.

ஏற்றுமதி ஆனது என்பதால் ஓடிவிடும் என்று நம்புவது

அதிக நேரத்தைத் தின்பது இந்தத் தவறுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வீடியோவுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள். அதில் முடிவதில் ஒரு பகுதியைத்தான் லோட்டி வரையும். கோப்பு பிழையில்லாமல் ஏற்றுமதியாகும், கணினியின் முன்னோட்டத்தில் அழகாக ஓடும், போனில் பாதி லேயர்கள் அசையாமல் நிற்கும்.

முதலில் எக்ஸ்பிரஷன்கள், அதாவது அசைவைக் கணக்கிட ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் எழுதும் சிறு கோடுகள். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் லோட்டி இரண்டுமே அவற்றை ஓட்டுவதில்லை. எனவே இந்த நேரத்தில் இந்த மதிப்பு என்று குறிக்கும் கீஃப்ரேம்களாக மாற்ற வேண்டும். ஆனால் அப்படி மாற்றும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு கீஃப்ரேம் உருவாகிவிடுகிறது. 60 பிரேம் வேகத்தில் 3 நொடி என்றால் ஒரே பண்புக்கு 180 கீஃப்ரேம்கள். நிலை, சுழற்சி, அளவு மூன்றுக்கும் சேர்த்து 540. இப்படிப் பத்து லேயர் இருந்தால் கோப்பு எப்படி வீங்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அனிமேஷனைக் கட்டும் கம்போசிஷனை நொடிக்கு 30 பிரேமில் வைத்தால் இது பாதியாகும். திரையில் அசைவு குறையாது, ஏனென்றால் கீஃப்ரேம்களுக்கு இடைப்பட்ட நிலையை லோட்டி தானே கணக்கிட்டுத் திரையின் வேகத்துக்கு வரைகிறது. எளிய அசைவு என்றால் எக்ஸ்பிரஷனை எடுத்துவிட்டு இரண்டு மூன்று கீஃப்ரேம்களைக் கையால் வைப்பது இன்னும் நல்லது.

அடுத்தது படங்கள். இல்லஸ்ட்ரேட்டர் லேயரை ஷேப் லேயராக மாற்றாமல் விட்டால் அது பிக்சல் படமாக ஏற்றுமதியாகும். அதை ஜேசனுக்குள்ளேயே பேஸ்64 ஆக, அதாவது எழுத்துகளாக மாற்றி, பொதிந்தால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். நினைவகத்தில் இன்னும் மோசம்: 1000க்கு 1000 பிக்சல் படம், கோப்பில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 4 எம்பி எடுத்துக்கொள்ளும்.

பிறகு, ஒரு லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று மறைத்துக் காட்டும் மாஸ்க்கும் மேட்டும். ஆண்ட்ராய்டில் இவை இருந்தால் லோட்டி திரைக்கு வெளியே தனியாக ஓர் ஆஃப்ஸ்கிரீன் பஃபரில் வரைந்து, பிறகு அதைத் திரையோடு சேர்க்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் இது நடக்கும். திரையை நிறைக்கும் மாஸ்க் ஒன்றே பழைய போனைத் திணறவைக்கப் போதும். ஒரு கோடு மெல்ல வளர்வதைக் காட்ட மாஸ்க் வேண்டியதில்லை, கோட்டின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் டிரிம் பாத் போதும். வடிவங்களை ஒன்றாக இணைக்கும் மெர்ஜ் பாத் பயன்படுத்தியிருந்தால் ஆண்ட்ராய்டில் அதைக் கோடில் தனியாக இயக்க வேண்டும். மறந்தால் வடிவம் தப்பாக வரும், லாகில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் கிடைக்கும்.

எழுத்துகளிலும் கவனம் வேண்டும். டெக்ஸ்ட் லேயர்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து அடுக்கும்போது, தமிழ், இந்தி, அரபு போன்ற எழுத்துமுறைகளில் குறிகள் பிரிந்து நிற்க வாய்ப்புண்டு. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று ஆகிவிடும். மொழிபெயர்க்க வேண்டிய எழுத்தை அனிமேஷனுக்கு வெளியே, சாதாரண நேட்டிவ் லேபிளில் வையுங்கள்.

எந்தத் திரெட்டில் வரைகிறது என்று பார்க்காதது

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 120 ஹெர்ட்ஸில் 8.3. அதற்குள் அனிமேஷன் மட்டுமல்ல, பட்டியல் நிரப்புவதும் தொடுதலைக் கவனிப்பதும் நடக்க வேண்டும்.

ஐஓஎஸ்ஸில் கோர் அனிமேஷனுக்கு ஒப்படைத்த அசைவு, செயலிக்கு வெளியே தனி ரெண்டர் சர்வரில் ஓடும். உங்கள் மெயின் திரெட் அரை நொடி அடைபட்டாலும் சுழற்சி நிற்காது. 2022இல் வந்த லோட்டி ஐஓஎஸ் 4.0 இந்த இன்ஜினையே பயன்படுத்துகிறது. ஆனால் அதற்குப் பிடிபடாத ஏதேனும் அம்சம் கோப்பில் இருந்தால் பழைய மெயின் திரெட் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். டிசைனர் சேர்த்த ஒரு சின்ன அம்சத்தால் செயலியின் நடத்தையே மாறும். திரையைப் பார்த்து அது தெரியாது. எந்த இன்ஜின் ஓடுகிறது என்பதை ஒவ்வொரு புதிய கோப்புக்கும் சரிபாருங்கள். ஆண்ட்ராய்டு லோட்டி இயல்பாக மெயின் திரெட்டிலிருந்தே கேன்வாஸில் வரைகிறது. எனவே ஐபோனில் சீராக ஓடிய கோப்பு, ஆண்ட்ராய்டில் பட்டியல் ஏறும் நேரத்தில் திக்கினால் வியப்பில்லை. சோதனையை ஆண்ட்ராய்டில் தொடங்குவதே மேல்.

நேட்டிவ் என்பதால் இந்தச் சிக்கல் தானாகத் தீராது. ஆண்ட்ராய்டில் ஒரு வியூவின் உயரத்தை அனிமேட் செய்தால் ஒவ்வொரு பிரேமிலும் லேஅவுட் மறுபடி கணக்கிடப்படும். டிரான்ஸ்லேஷன், ஸ்கேல், ஆல்ஃபா மூன்றும் மலிவு. கம்போஸில் மாறும் மதிப்பை கம்போசிஷனிலேயே, அதாவது திரையின் அமைப்பை உருவாக்கும் கட்டத்திலேயே, படித்தால் பிரேமுக்குப் பிரேம் அந்தக் கட்டம் மறுபடி ஓடும் ரீகம்போசிஷன் நடக்கும்; அதை கிராஃபிக்ஸ் லேயரின் லாம்டாவுக்குள் படித்தால் வரையும் கட்டம் மட்டும் ஓடும். இரு தளங்களுக்கும் ஒரே கோடில் செயலி எழுதும் ரியாக்ட் நேட்டிவின் அனிமேட்டடில், அசைவைத் தளத்திடமே ஒப்படைக்கும் நேட்டிவ் டிரைவரை இயக்க மறப்பது அடிக்கடி காணும் தவறு. அதை இயக்கினாலும் அகலம், உயரம் போன்ற லேஅவுட் பண்புகளை அது ஏற்காது. ஐஓஎஸ்ஸில் சிஏ பேசிக் அனிமேஷன் எழுதி, லேயரின் உண்மையான மதிப்பை மாற்றாமல் விட்டால், முடிந்ததும் பழைய இடத்துக்குத் துள்ளிவிடும். முடிந்த பின்னும் அனிமேஷனை நீக்காதே என்று அமைத்து இதை மறைப்பவர்கள் உண்டு. அப்போது பொத்தான் ஓரிடத்தில் தெரியும், தொடுதல் வேறிடத்தில் வேலை செய்யும். இறுதி மதிப்பை லேயருக்கே கொடுத்துவிட்டு அனிமேஷனைச் சேர்ப்பதுதான் சரி.

தொடக்கத் திரைக்கு ஜேசனைத் திட்டமிடுவது

ஐஓஎஸ்ஸின் லாஞ்ச் ஸ்கிரீன் அசையாத படம். அதற்குள் உங்கள் கோடு எதுவும் ஓடாது. ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள ஸ்பிளாஷ் ஸ்கிரீனில் ஐகான் அசையலாம், ஆனால் அனிமேட்டட் வெக்டர் டிராயபிளாக. 1000 மில்லிநொடிக்குள் முடிப்பது கூகுளின் பரிந்துரை. லோட்டி தேவை என்றால் அதன் முதல் பிரேம், தொடக்கத் திரையின் படத்தோடு அதே இடத்தில் அதே அளவில் பொருந்தும்படி செய்து, முதல் திரை வந்த பிறகு ஓட்டுங்கள்.

வேலையை அனிமேஷனின் முடிவில் கட்டிவைப்பது

டிக் குறி ஓடி முடிந்ததும் அடுத்த பக்கம் என்று எழுதுவது எளிது. பயனர் செயலியைப் பின்னணிக்குத் தள்ளினால், வியூ நடுவில் நீங்கினால், அந்த முடிவு அழைப்பு எதிர்பார்த்தபடி வராமல் போகலாம். அவர் அதே திரையில் மாட்டிக்கொள்வார். அடுத்த பக்கம் செல்வதை வேலை முடிந்ததோடு இணையுங்கள், படம் ஓடி முடிந்ததோடு வேண்டாம்.

அசைவைக் குறைக்கும் அமைப்பும் இதோடு சேர்ந்தது. ஆண்ட்ராய்டில் அனிமேஷன்களை நீக்கினால் அனிமேட்டரின் கால அளவு 0 ஆகிவிடும். அந்த நிலையில் உங்கள் திரைகளை ஒருமுறை நடந்து பாருங்கள். ஐஓஎஸ்ஸில் ரெட்யூஸ் மோஷன் இயங்குகிறதா என்று நீங்களே படித்து, அசையாத பிரேமைக் காட்ட வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது வசதி அல்ல, தேவை. தானாகத் தொடங்கி மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று, எல்லோரும் பயன்படுத்தும்படி உள்ளடக்கத்தை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதியும் சொல்கிறது.

டீபக் பில்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

கம்போஸும், இரு தளங்களுக்கும் ஒரே கோடில் எழுதும் ஃபிளட்டரும் பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் கணிசமாக மெதுவாக ஓடும். ரிலீஸ் பில்டில், ஃபிளட்டர் என்றால் புரொஃபைல் மோடில், நீங்கள் ஆதரிக்கும் போன்களில் வலுக்குறைந்த ஒன்றில் அளக்க வேண்டும். ஆண்ட்ராய்டில், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக டம்ப்சிஸ் ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால், மொத்த பிரேம்களில் எத்தனை தாமதமானவை என்று காட்டும். காரணத்தைத் தேட, எந்த நேரத்தில் எது ஓடியது என்று காட்டும் பெர்ஃபெட்டோ கருவி. ஐஓஎஸ்ஸில் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் அனிமேஷன் ஹிட்சஸ்.

அளவை இரண்டு முறை எடுங்கள்: ஒரே திரை, ஒரே செயல்வரிசை, ஒருமுறை அனிமேஷனோடு, ஒருமுறை அது இருக்கும் இடத்தில் அசையாத படத்தை வைத்து. தாமதமான பிரேம்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், லோட்டியை நேட்டிவாக மாற்றி எழுதுவதில் பலன் இல்லை. அந்த நேரத்தில் மெயின் திரெட்டில் வேறென்ன நடக்கிறது, படங்களை விரிக்கிறதா, பெரிய தரவைப் பிரிக்கிறதா என்று அங்கே தேடுங்கள்.