கொஞ்சமாகக் கேட்டு வாங்குவது எப்படி?

பந்தியில் வெறுமனே 'கொஞ்சம்' என்றால் பரிமாறுபவர் கரண்டி நிறையத்தான் போடுவார். அவர் கணக்கில் அதுதான் கொஞ்சம். அதனால் அளவைச் சொல்லியே கேளுங்கள். சோற்றுக்கு 'ஒரு பிடி', குழம்புக்கு 'அரைக் கரண்டி', நெய்க்கு 'ஒரு சொட்டு', ஊறுகாய்க்கு 'தொட்டுக்க மட்டும்'. மோர் என்றால் 'ஒரு மடக்கு'.

பாயசம் வேண்டாம், மறுக்கவும் மனமில்லையா? நான் 'பேருக்கு ஒரு கரண்டி விடுங்க' என்பேன். அடுத்தவர் தட்டில் ருசி பார்க்க 'ஒரு வாய் குடு' போதும், ஆனால் நெருங்கியவர்களிடம் மட்டும். பாசத்தில் அள்ளி வைக்கிற பெரியம்மாவிடம் 'கொஞ்சூண்டு பெரியம்மா' என்று இழுத்துச் சொல்ல வேண்டும். கறாராகச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அப்புறம், சொல்லும்போதே கையை இலைக்குக் குறுக்கே நீட்டிவிடுங்கள். கரண்டி சாய்ந்த பிறகு 'போதும் போதும்' என்று சொல்லிப் பயனில்லை.