மெய்ப்பு பார்க்க ஒப்புக்கொள்ளும் முன்

பெங்களூரில் அல்சூர் பக்கம் நம்மவர்களிடமிருந்து சங்க மலர், கல்யாணப் பத்திரிகை என்று மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த, கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். "சும்மா ஒரு பார்வை பாருங்க சார், எழுத்துப்பிழை மட்டும்தான்" என்பார்கள். நம்பாதீர்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கம் வாங்கித் திருத்திப் பாருங்கள். முதல் பக்கத்தை எல்லோருமே நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆன நேரத்தைக் கணக்கிட்டு அப்புறம் கூலி சொல்லுங்கள். அதுவும் பக்கக் கணக்கில் அல்ல, சொல் கணக்கில். எழுத்தளவைச் சுருக்கி, பத்துப் பக்கத்தை ஆறாக்கி அனுப்பிய மகராசன் ஒருவர் எனக்கு வாய்த்தார்.

வேர்டில், செய்த திருத்தங்களையெல்லாம் குறித்துக் காட்டும் டிராக் சேஞ்சஸைப் போட்டுவிட்டே தொடங்குங்கள்.

கண்ணை ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. 'கௌரி' என்ற பெயரில் பலர் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' போட்டிருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் பெயர் அகப்படாது. அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டுங்கள். 'க' மிஞ்சினால் சரி, 'கெ' மிஞ்சினால் தவறு. அதற்காக இப்படிப்பட்டதையெல்லாம் ரீப்ளேஸ் ஆல் கொடுத்து மாற்றிவிடாதீர்கள். 'தெளிவு' என்று ஒழுங்காக இருந்த சொல்லும் சேர்ந்து கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை என்றால் தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிட்ட பிறகே கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.